ஜோடி மாற்றிய ஜெர்மன் வகுப்பு

சாந்தோமில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த நோரா டீச்சர், ஜெர்மன் படிக்கப் போவதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள். பூவேலை மாதிரித் தாள்கள் ஜெர்மனியிலிருந்து வருகின்றன. அவற்றில் எழுதியிருப்பது புரியவேண்டாமா? அவள் அப்பா நம்பிவிட்டார். வாசகியரே, நீங்கள் நம்ப வேண்டாம். பாடம் நடத்திய அல்போன்ஸுக்காகத்தான் அவள் போனாள்.

அல்போன்ஸ் ஒரு ஜெர்மன் சாயக் கம்பெனியில் குமாஸ்தா. சாயங்காலம் அக்கா வீட்டுக் கூடத்தில் வகுப்பு நடத்துவான். ஜெர்மனில் ஒன்றுபோல் தோன்றி ஏமாற்றும் சொற்கள் ஏராளம். அவற்றை ஜோடியாகப் பிரித்து, இருவரிடம் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவான். அந்தச் சொல்லுக்கு வேலை வரும்போது அதற்குரியவர்தான் எழுந்து நிற்கவேண்டும். 'லேரன்' என்றால் கற்பிப்பது, அது அல்போன்ஸுக்கு. 'லெர்னன்' என்றால் கற்பது, அது நோராவுக்கு. அந்த இரண்டையும் முணுமுணுத்துக்கொண்டே அவள் வீடு திரும்புவாள்.

பிறகு ஜோன் வந்தாள். இருபது வயது, சிரித்தால் கன்னத்தில் குழி. அடையாற்றில் ஒரு ஜெர்மன் துரை வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகப் படிக்க வந்தவள். அவள் வந்த வாரமே அல்போன்ஸ் ஜோடிகளை மாற்றினான். நோராவைத் தோல் வியாபாரி ஹபீபுர் ரஹ்மானோடு சேர்த்தான். தான் ஜோனோடு சேர்ந்தான். ஒரு விஷயத்தை அறிவது 'விஸ்ஸன்'. ஓர் ஆளைப் பழகி அறிவது 'கென்னன்'. கென்னன் ஜோனுக்குப் போயிற்று. ஒருநாள் மட்டும் பெண்கள் இருவரையும் ஜோடியாக்கினான்: 'ஷியோன்', அதாவது அழகு, ஜோனுக்கு, 'ஷோன்', அதாவது ஏற்கெனவே, நோராவுக்கு.

"இன்னா டீச்சரம்மா, மொகம் எங்க தோல் கெடங்கு மாதிரி காஞ்சி கீது?" என்றார் ஹபீபுர் ரஹ்மான். நோராவின் கண் ஜோனின் கன்னக் குழியிலேயே இருந்தது. தையல் டீச்சருக்கே நெஞ்சில் ஊசி ஏறியிருந்தது.

அவர்கள் மாதா கோயில் பங்கில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இரண்டாம் பூசையில் ஓலை வாசிப்பார்கள். சாமியார் இருவர் பெயரையும் படித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். தன் ஓலையைத் தானே கேட்கக்கூடாதென்று, பெயர் வாசிக்கப்படுகிறவர்கள் அன்று விடியற்காலைப் பூசைக்கே போய்விடுவார்கள்.

ஒரு ஞாயிறு விடியலில் நோரா கோயில் தெருவில் பால் வாங்கிக்கொண்டிருந்தாள். முதல் பூசை முடிந்து ஜோன் வெளியே வந்தாள். பின்னாலேயே அல்போன்ஸும் வந்தான். என்றும் இரண்டாம் பூசைக்கு வருகிறவர்கள் இருவரும்!

பால் செம்பை வீட்டில் வைத்துவிட்டு, இரண்டாம் பூசைக்கு முன்பே சாமியாரிடம் ஓடினாள்.

"சாமி, ஓலையை வாசிக்காதீங்க. அல்போன்ஸ் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கார்."

பொய். துணிந்து சொன்ன பொய்.

சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். பெண் ஜோன், மாப்பிள்ளை ராயபுரம் ஆம்ப்ரோஸ். "இதுல அல்போன்ஸ் எங்கேம்மா இருக்கான்?" என்றார்.

பூசை முழுவதும் முக்காட்டுக்குள் அழுதுவிட்டு நோரா வீடு திரும்பினாள். அங்கே அப்பாவுக்கு எதிரே அல்போன்ஸும் அவன் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் கேட்க வந்திருந்தார்கள். நோரா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வரத்தான் அவன் விடியல் பூசைக்குப் போயிருக்கிறான். அவள் முன்னால் கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

"ஜோடியை ஏன் மாத்தினீங்க?" முதலில் அதைத்தான் கேட்டாள்.

"உங்க பக்கத்துல நின்னா எனக்குப் பாடமே மறந்துபோவுது டீச்சர்."

மறுநாள் இருவரும் ஓலை கொடுக்கப் போனபோது, எப்போது வாக்குக் கொடுத்தாய் என்று சாமியார் அவனைக் கேட்டார். நேற்று இரண்டாம் பூசை நேரத்தில் என்றான். சாமியார் நோராவைப் பார்த்தார். பிறகு பெயரை எழுதிக்கொண்டார்.

ஜோனின் கல்யாணம் முடிந்த பிறகுதான் நோராவின் ஓலை வாசிக்கப்பட்டது. அந்த ஞாயிறுகளில் நோரா இரண்டாம் பூசைக்குப் போகமுடியாது. தன்னைப்போல் எவளாவது ஓடிப்போய்த் தடை சொல்லிவிட்டால்? வேறு வழியில்லாமல், புதுத் தாலியோடிருந்த ஜோனையே கெஞ்சி அனுப்பினாள். அவள் திரும்பும்வரை கதவருகே நின்றிருந்தாள்.

"யாரும் வாயத் தொறக்கலக்கா," என்றாள் ஜோன், கன்னத்தில் குழி விழ. "சாமியார் மட்டும் தடை உண்டான்னு ரெண்டு தடவை கேட்டார்."