ஆன்ட்டி படித்த கடைசி வரி

இரண்டு வாரத்துக்கு முன் சூப்பர்வைசர் ரவி என் மேசைக்கு வந்தார். பக்கத்தில் இருந்த சிவப்புத் தட்டை ஒரு பார்வை பார்த்தார்.

“என்னண்ணே, இன்னிக்கும் எல்லாமே ரிஜெக்ட்டா? உங்க மேசையில மட்டும்தான் இப்படிக் குவியுது.”

“சரக்கு சரியில்ல லா தம்பி” என்றேன்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பிழைப்பவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, மின்னணுப் பலகைகளில் ஈயம் வைத்த புள்ளிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது வேலை. முடி அளவு கீறலையும் பிடித்துவிடுவான் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரில்தான் வண்டி ஓடுகிறது.

ஆனால், கொஞ்ச நாளாக எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு நிழல். சந்தேகம் வந்தால் சோதனைக்காரன் என்ன செய்வான்? ரிஜெக்ட்! அப்புறம் பஸ் நம்பருக்கும் நிழல் வந்தது... பஸ்ஸை ரிஜெக்ட் செய்ய முடியாதே!

போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. தலைவலி, இரட்டைப் பார்வை — மூளையில் கட்டி என்று நானே முடிவு செய்துவிட்டேன். கட்டி இல்லாவிட்டாலும் கண் போச்சு என்றால் பேக்கிங் பகுதிதான். என் வயதில் பேக்கிங்குக்குப் போனவர்கள் அங்கிருந்து நேராக வீட்டுக்குத்தான் போனார்கள்.

“ஏங்க, டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே நீங்களே செத்துப் போனா எப்படி? முதல்ல கண்ணைக் காட்டுங்க” என்றாள் மனைவி.

ஜெலுத்தோங்கில் ஒரு கண்ணாடிக் கடை. எனக்கு முன்னால் ஒரு சீன ஆன்ட்டி. பரிசோதனை அறையின் கதவு பாதி திறந்திருந்தது. ஆன்ட்டி கடைசி வரியைக் கணீரென்று படித்தார். பயந்தவன் மூளை எப்படி வேலை செய்யும் தெரியுமா? நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

என் முறை வந்தது. கண் பார்க்கும் பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும்.

“கடைசி வரி தெரியுதா அங்கிள்?”

“டி, எஃப், பி, ஓ, இஸட்!”

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அது முந்தி வந்த ஆன்ட்டியோட வரி அங்கிள். இந்தத் திரையில ஒவ்வொருத்தருக்கும் எழுத்து மாறும்.”

அலாமாக்!

“நான் கண்ணாடி யாருக்குச் செய்யணும்? உங்களுக்கா, அந்த ஆன்ட்டிக்கா?”

மைக்ராஸ்கோப், சிவப்புத் தட்டு, மூளைக் கட்டி, பேக்கிங் பயம்... எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. திரையில் சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி கோடுகள் வந்தன.

“எந்தக் கோடு ரொம்பக் கறுப்பா இருக்கு?”

“எது சரியான பதில்?”

“அங்கிள்!”

உண்மையைச் சொன்னேன். படுத்திருந்த கோடு நல்ல கறுப்பு. நின்ற கோடு பலமுறை துவைத்த சட்டை போல வெளுத்திருந்தது.

“ஆஸ்டிக்மாட்டிசம். கண்ணோட முன்பக்கம் பந்து மாதிரி வளைஞ்சிருக்கணும். உங்களுக்குக் கொஞ்சம் முட்டை மாதிரி. வெளிச்சம் ஒரே இடத்துல சேராது, அதான் நிழல். கண்ணாடி போட்டா சரியாயிடும்.”

“அப்போ... கட்டி?”

“உள்ளேயும் பார்த்துட்டேன். நரம்புல வீக்கம் இல்ல, கண்ணு சுத்தமா இருக்கு. மைக்ராஸ்கோப்ல பார்க்கும்போதும் கண்ணாடியைக் கழட்டாதீங்க. ஃபோகஸைத் திருகி இதைச் சரிபண்ண முடியாது.”

புதுக் கண்ணாடி போட்ட முதல் இரண்டு நாள் தரை சாய்ந்தே இருந்தது. பழகும் என்று அவள் சொல்லித்தான் அனுப்பினாள். நான் மார்க்கெட்டில் வெள்ளத்தில் நடப்பவன் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். “என்னண்ணே, காலையிலேயே போட்டாச்சா?” என்றார் மீன்காரர். போட்டது கண்ணாடியை என்று விளக்கத் தெம்பில்லை.

திங்கட்கிழமை ரவியிடம் போய் நின்றேன். “தம்பி, சரக்குல தப்பில்ல. என் கண்ணுலதான். ஆஸ்டிக்மாட்டிசமாம்.” பேக்கிங் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

அவர் தன் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். “இது எதுக்குன்னு நினைச்சீங்க? ஸ்டைலுக்கா? எனக்கு ஸ்கூல்ல இருந்தே அதான். போய் அந்தத் தட்டை எடுத்து எல்லாத்தையும் மறுபடி பாருங்கண்ணே.”

பார்த்தேன். முதுகு ஒடியப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே நல்ல சரக்கு. பாவம், வாயில்லாத பலகைகள்... எத்தனை திட்டு வாங்கியிருக்கும் என்னிடம்!

அந்த ஆன்ட்டியின் கண்ணும் நல்ல சரக்குதான். அதற்கு நானே சாட்சி.