சூளையில் சுட்ட லைனிங்

கொளஞ்சிநாதன் சாருக்கு அது முன்பே தெரியுமா? அவர் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதுபோல் பாவனை செய்து ஒரு நினைவஞ்சலி எழுதவும் எனக்கு விருப்பமில்லை. அவரோடு வேலை செய்த உங்களில் யாருக்காவது தெரியலாம் என்ற எண்ணத்தில்தான் நம் ஆலையின் இந்த மலருக்கு எழுத ஒப்புக்கொண்டேன்.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஆலை வாயிலில் காவல் இருக்கும் முருகேசன். ஆய்வகத்தில் களிமண் மாதிரி ஒன்றை எடை போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார். "சூளை சாரு காலையில தவறிட்டாருங்கம்மா. பல்லு வெளக்கிட்டு வந்து நாற்காலியில ஒக்காந்தவரு, அப்டியே சாஞ்சிட்டாராம்." தராசு முள் நிலைக்கு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடையைக் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை. பிறகு அதை மறுபடியும் போட வேண்டியிருந்தது.

அவரை அறியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ்களைச் செய்யும் நம் ஆலையில் சூளைகளெல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. ஆய்வகம் என் பொறுப்பில். அவர் உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார், கேட்ட மாத்திரத்தில் முடிவெடுப்பார். நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புவதில்லை. "மேடத்துக்கு நாளைக்கு விடியும்கறதுக்கே ரிப்போர்ட்டு வேணும்" என்று மேலாளர் முன்னிலையிலேயே சொல்வார். நான் கோபித்துக்கொண்டால், "என் மேல கொளஞ்சியப்பர் கோயில்ல சீட்டுல எழுதிப் பிராது கட்டிடுங்க. என் பேரு வச்ச சாமிதான், கொஞ்சம் சலுகை காட்டுவாரு" என்பார்.

அந்நாளில் ஆலை ஊழியர்களில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பழைய அம்பாசிடர். யார் வீட்டில் பிரசவ வலி என்றாலும், யாரை ரயிலேற்ற ஜங்ஷனுக்கு அழைத்துப்போக வேண்டும் என்றாலும் அந்தக் கார்தான் போகும். கிளம்பும் முன் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை நாலடி உருட்டி, பிரேக்கை அழுத்திப் பார்த்து, "நிக்குதா? அப்ப போவலாம்" என்பார். உள்ளே வலியில் துடிப்பவர் இருந்தாலும் அந்த நாலடியை அவர் விட்டதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. தனக்குப் பிடிக்காத எதையும் மனைவியின் தலையில் போட்டுவிடுவார். இரண்டாவது காபி வேண்டாமா, "வூட்டுக்காரி உத்தரவு." சங்கக் கூட்டத்துக்கு வரவில்லையா, "வூட்டுக்காரி உத்தரவு." அவர் மனைவி ராஜலட்சுமி அம்மாள் யாருக்கும் உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது சூளை விஷயத்துக்கு வருகிறேன். கார்ச் சக்கரத்துக்குள் ஓர் இரும்பு டிரம் சுழல்கிறது. அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துவது வளைந்த இரண்டு ஷூக்கள். அவற்றின் முதுகில் ஆணியடித்துப் பொருத்திய கல்நார்ப் பட்டைக்கு லைனிங் என்று பெயர். எண்ணெய் கசிந்து அதில் ஊறிவிட்டால் பிரேக் பிடிக்காது, வழுக்கும். மற்ற ஊர்களில் பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிது போடுவார்கள். நம் ஊரில் சூளை இருந்தது.

சுட்டு முடித்த சூளை மெல்ல ஆறும். அது ஆறுகிற நாளில் டாக்ஸிக்காரர்கள் ஷூக்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நம் ஆலை வாயிலில் நிற்பார்கள். விருத்தாசலத்திலிருந்து மட்டுமல்ல, மங்கலம்பேட்டையிலிருந்தும் திட்டக்குடியிலிருந்தும் வருவார்கள். கொளஞ்சிநாதன் சார் செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்துச் சூளை வாயில் நீட்டுவார். அது கருகாவிட்டால் ஷூக்களை உள்ளே அடுக்கச் சொல்வார். மறுநாள் எடுக்கும்போது எண்ணெய்ப் பசையே இருக்காது. பட்டை சாம்பல் நிறத்தில் உலர்ந்திருக்கும். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. "மண்ணே கல்லாவுது, இது ஆவாதா" என்பார். டாக்ஸிக்காரர்களிடம் அந்த வார்த்தைக்கு இருந்த மதிப்பு எந்த நிபுணரின் வார்த்தைக்கும் இல்லை.

எண்ணெயோடு வேறு ஏதும் போய்விடுகிறதா என்று நான் ஒரு முறை கேட்டேன். "என்னா போவும்?" என்றார். எனக்கும் அப்போது தெரியாது. சந்தேகம் மட்டும் இருந்தது.

ஒரு நாள் ஆய்வகத்துக்கு ரசாயனங்கள் வாங்க நான் கடலூர் போக வேண்டியிருந்தது. அவரும் போவதாகச் சொன்னதால் அவர் காரிலேயே போனேன். ஊர் வாயை நினைத்துப் பின்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். கடலூரில் ஓர் உதிரிப்பாகக் கடை முன் வண்டியை நிறுத்தி, "லைனிங் பாக்கணும் மேடம். நீங்களும் வாங்க, சந்தேகப்பட ஆளு வேணும்" என்றார்.

கடைக்காரர் மூன்று விதமான பட்டைகளை எடுத்து மேசைமேல் போட்டார். அன்று சார் அவற்றைப் பார்த்த விதம் எனக்கு மறக்கவில்லை. அவசரக்காரர் என்று நான் எண்ணியிருந்த மனிதர் நேரம் போவதே தெரியாமல் நின்றார். முதல் பட்டையின் ஓரத்தை நகத்தால் கீறினார், துகள் உதிர்ந்தது. தள்ளிவைத்தார். இரண்டாவதை மேசையில் தட்டினார். ஓடு மாதிரி ஒலித்தது.

"இது கெட்டியானதுங்க, வருசக்கணக்கா தேயாது" என்றார் கடைக்காரர்.

"இது தேயாது. என் டிரம்மு தேஞ்சிடும். அதையும் நீதான் விப்ப."

"சாருக்கு வேவாரம் தெரிஞ்சிருக்குது."

"வேவாரம் தெரிஞ்சா நான் ஏன் சூளையாண்ட வேவறேன்?"

மூன்றாவதை முகர்ந்து பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்துச் சற்றே வளைத்துப் பார்த்தார். ஆணித் துளைகளின் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டி, என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு வண்டிக்கு வேண்டிய எல்லாப் பட்டைகளையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார். "ஒரு பக்கம் ஒண்ணு, இன்னொரு பக்கம் வேறன்னா வண்டி ஒரு சைடா இழுக்கும். புருசனும் பொண்டாட்டியும் மாதிரி."

வெளியே வரும்போது கேட்டேன். "ஊருக்கெல்லாம் சுட்டுத் தருகிறீர்கள். உங்கள் வண்டிக்கு மட்டும் புதிதா சார்?"

"வூட்டுக்காரி உத்தரவு" என்றார். சிரித்துக்கொண்டே வண்டியை நாலடி உருட்டி, பிரேக்கை அழுத்திப் பார்த்தார்.

சென்ற வாரம் துக்கம் கேட்கப் போனபோது ராஜலட்சுமி அம்மாள் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பேச்சு எங்கெங்கோ போய்க் காரில் வந்து நின்றது. கடலூர்க் கடைக்குப் போனதைச் சொல்லி, புது லைனிங் போடச் சொன்னது நீங்களாமே என்றேன். "நானா? எனக்கு பிரேக்கு எங்க இருக்குதுன்னே தெரியாதும்மா" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கும். எல்லாத்தையும் எம் மேலதான போடுவாரு" என்றார். இதை வைத்து நான் எந்த முடிவுக்கு வருவது? காபி விஷயத்தில் பொய் சொன்னவர் இதிலும் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். பயந்தும் சொல்லியிருக்கலாம்.

கடலூர் போய்வந்து சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, ஜங்ஷனில் டாக்ஸி ஓட்டும் மங்கலம்பேட்டை காதர் பாய் சூளையிலிருந்து தன் ஷூக்களை எடுத்துப் போனார். எடுக்கும்போது ஒரு பட்டையின் ஓரம் உடைந்து கீழே விழுந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. நான் அந்தத் துண்டைப் பொறுக்கி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். சாரின் வண்டிக்கு வாங்கியதில் மீந்த ஒரு சிறு துண்டையும் நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இரண்டையும் சிறிய மின் உலையில் வைத்து, மலைச் சாலையில் இறங்கும் வண்டியின் பிரேக் ஏறக்கூடிய சூட்டுக்குக் கொண்டுபோய் எடுத்தேன். புதிய துண்டு முழுதாக இருந்தது. சூளையில் சுட்ட துண்டை விரலால் அழுத்தினேன்; மாவாகப் போனது. கல்நாரைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் எண்ணெயோடு சேர்ந்து ஏற்கெனவே கருகியிருந்தது. செய்தித்தாள் கருகாத சூட்டிலும், இரவு முழுக்கக் கிடந்தால், அது கருகும்.

அந்த மாவை ஒரு பீங்கான் தட்டில் போட்டு அவர் அறைக்கு எடுத்துப்போனேன். கேலி செய்வார் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் விரலில் தொட்டுப் பார்த்தார்.

"சம தரையில நிக்குமா?"

"நிற்கும். இத்தனை நாள் நின்றிருக்கிறதே."

"மலையில?"

"ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போது சொல்ல முடியாது."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "காதரு நாளைக்கு ஏற்காடு போறான்" என்றார். "ஜவுளிக்கடைக்காரரு குடும்பம். பொண்ணு, மாப்ள, கைக்கொழந்த." பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "நாளைக்கு ஞாயித்துக்கெழம. கடலூர்ல கட தொறக்க மாட்டான்" என்றார்.

"பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மற்ற டாக்ஸிக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும் சார்."

"நீங்க போங்க மேடம். நான் பாத்துக்கறேன்."

அந்த 'பாத்துக்கறேன்' எனக்குப் போதவில்லை. ஊருக்கெல்லாம் தான் செய்த உபகாரம் ஆபத்து என்று ஒரு மனிதர் தெருவில் நின்று சொல்வாரா? நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பதுகூட எனக்கு உறுதியில்லை. சாயங்காலம் நானே ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். காதர் பாய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அம்மா, நீங்க படிச்சவங்க, தப்பா நெனைக்காதீங்க. சாரு சுட்டுக் குடுத்ததுதான் வருசக்கணக்கா ஓட்டறேன். ஒரு நாளு வழுக்கல."

"மலைக்குப் போயிருக்கிறீர்களா?"

"இல்லம்மா. இதான் மொத சவாரி."

பக்கத்து வண்டிக்காரர் குறுக்கே வந்தார். "போவட்டும் வுடுங்கம்மா. ஏற்காட்டுல நிக்கலன்னா நேரா சேலத்துக்கே வந்துடுவாரு பாயி. பெட்ரோலு மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். காதர் பாய் சிரிக்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். "சூளை சாரு வந்து வேணாம்னு சொல்லட்டும், வேணாம். வேற யாரு சொன்னாலும் குடுத்த வார்த்தைய நான் எப்பிடிம்மா மாத்துவேன்?"

வீட்டுக்குத் திரும்பி வந்தேன். புத்தகத்தை எடுத்தேன், வைத்தேன். சார் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். போகவில்லை. பாத்துக்கறேன் என்று சொன்னவரிடம் போய் மறுபடியும் என்ன கேட்பது?

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று இந்த மலரின் ஆசிரியர் குழு கேட்டிருக்கிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் எந்த வாடகை வண்டியில் ஏறினாலும், நாலடி உருட்டி ஒரு தடவை பிரேக்கை அழுத்திக் காட்டச் சொல்கிறேன். ஓட்டுநர்கள் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். அது அவருடையது. தொடக்கத்தில் கேட்ட கேள்வியும் அவர் கொடுத்துவிட்டுப் போனதுதான். கடலூர்க் கடையில் அந்தப் பட்டையை வளைத்துப் பார்த்த கைக்கு, சூளையிலிருந்து வந்த பட்டைகளை ஒரு முறைகூட வளைத்துப் பார்க்கத் தோன்றவில்லையா? தெரிந்தே செய்தார் என்று நினைத்தால் எனக்கு அவர்மேல் ஆத்திரம் வருகிறது. தெரியாமல் செய்தார் என்று நினைக்க, நான் கண்ணால் பார்த்தது இடம் தரவில்லை. மறுநாள் நடந்ததை மட்டும் நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு விடிந்ததும் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். காதர் பாயின் வண்டி அங்கே இல்லை. போய்விட்டது என்று நினைத்தேன். முந்தின நாள் பெட்ரோல் மிச்சம் என்று கேலி பேசியவர், "சாரு வூட்டாண்ட இருக்குதும்மா. சாரு வந்து அழச்சிக்கினு போனாரு" என்றார்.

சார் வீட்டு முன் இரண்டு அம்பாசிடர்கள் அடுத்தடுத்து நின்றன. இரண்டுக்கும் சக்கரங்கள் கழற்றியிருந்தன. மெக்கானிக் ஒருவர் சாரின் வண்டியிலிருந்து கழற்றிய புது ஷூக்களைக் காதர் பாயின் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தார். சார் கையெல்லாம் கிரீஸோடு குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு ஷூவையும் எடுத்துக் கொடுத்தார். ஜவுளிக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். அவர் பெண் மடியில் குழந்தையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ராஜலட்சுமி அம்மாள் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார், எனக்கும் கொடுத்தார்.

விவரம் கேட்டு வந்த டாக்ஸிக்காரர்கள் சிலர் தெருவோரம் நின்றார்கள். சார் அவர்களைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "சுட்டத மாட்டியிருக்கிறவன்லாம் இந்த வாரத்துலயே மாத்திடுங்க. மாத்தற வரைக்கும் வண்டிய வேகமா ஓட்டாதீங்க. இனிமே சூளைக்கு யாரும் கொண்டாராதீங்க."

"ஏன் சார்?"

"வூட்டுக்காரி உத்தரவு."

அவர்கள் சிரித்தார்கள். ராஜலட்சுமி அம்மாள் டம்ளர்களோடு வாசற்படியில் நின்று அவரையே பார்த்தார்.

சக்கரங்களை மாட்டியதும் சார் தானே காதர் பாயின் வண்டியில் ஏறி நாலடி உருட்டினார். பிரேக்கை அழுத்தினார். இறங்கினார். "நிக்குது. போயிட்டு வா. எறக்கத்துல மெல்லமா வா" என்றார்.

வண்டி போன பிறகு, கழற்றிய சுட்ட ஷூக்களைச் சாக்கில் போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு ஆலைக்கு நடந்தார். சற்று இடைவெளி விட்டு நானும் போனேன். ஆறிக்கொண்டிருந்த சூளையில் வேறு யாருடைய ஷூக்களோ இருந்தன. நீளக் கம்பியால் இழுத்து அவற்றையும் வெளியே போட்டார். சூடு தணிந்ததும் எல்லாப் பட்டைகளையும் உளியால் பெயர்த்து, உடைந்த பீங்கான் குவியலின்மேல் ஒவ்வொன்றாக வீசினார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசிப் பட்டையையும் வீசிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வூட்டுக்கு நடந்தே போயிடுவீங்களா மேடம்? நம்ம வண்டி ஓடாது இன்னிக்கு."

போய்விடுவேன் என்றேன்.