ஏலக்குழியிலிருந்து மூன்று மீட்டர்

போன முறை பானுப்பிரியா பதினான்கு சென்டிமீட்டரில் தோற்றாள். காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறி, உயரம் சரி, ஓட்டம் சரி என்று ஆன பிறகு, நீளம் தாண்டுதலில் மூன்று வாய்ப்பிலும் மூன்று மீட்டரைத் தொட முடியவில்லை. டேப் பிடித்திருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "அடுத்த ஆளு வாம்மா" என்றார். மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் திரும்பும்போது தன் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பதினான்கு சென்டிமீட்டர் என்பது ஒரு சாண்கூட இல்லை.

இந்த வருடம் மறுபடி எழுதி மறுபடி தேறியிருந்தாள். உடல்திறன் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. வயது வரம்புப்படி இதுதான் கடைசி.

அவள் பி.எஸ்சி. இயற்பியல். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாலுகா அலுவலகம் கொடுத்த சான்றிதழை அம்மா சுப்புத்தாய் கல்யாணப் பட்டுச்சேலைக்கு நடுவில் மடங்காமல் வைத்திருக்கிறாள். பட்டம் வாங்கி நான்கு வருடமாகிறது. போலீஸ் வேலைதான் தனக்கு வேண்டுமா, அல்லது அது ஒன்றுதான் தனக்கு அழைப்புக் கடிதம் அனுப்பியதா என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்வதற்காவது அந்த மூன்று மீட்டரைத் தாண்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அதுவரைக்கும் அம்மாவோடு ஏலத்தோட்டத்து வேலை. காலை ஆறு மணிக்குச் சின்ராசுவின் ஜீப் போடியில் ஆள் ஏற்றும். பதினான்கு பெண்கள் நெருக்கியடித்து உட்கார, வண்டி போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரள எல்லை தாண்டித் தோட்டத்தில் இறக்கிவிடும். வழிநெடுக யாரும் தூங்கிவிடாமல் இருக்க, சின்ராசு தன் போனைப் பின்பக்கம் பார்த்தபடி கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பான். தமிழ் பேசும் சீனப் படங்கள்தான் அதில் எப்போதும் ஓடும்.

அன்றைக்கு ஓடிய படத்தில் ஒரு மொட்டைத் தலைப் பையன் குழிக்குள் நின்றுகொண்டிருந்தான்.

"இவன் என்னத்துக்குடி குழிக்குள்ள நிக்கிறான்?" என்றாள் காளீஸ்வரி. முப்பது வருடமாக ஏலக்காய் எடுக்கிறவள்.

"கால்ல மண்ணு மூட்டையக் கட்டிக்கிட்டு குழியில இருந்து தாண்டி வெளிய வரணுமாம் சித்தி" என்றாள் பானுப்பிரியா. "தெனமும் குழிய ஆழமாக்கிக்கிட்டே போவாக. மூட்டைய அவுத்துட்டா கூரை மேல பறப்பான்."

"கூரை மேல ஏறி என்ன சோலி பாக்கப் போறான்? ஓடு மாத்தவா?"

ஜீப்பே குலுங்கச் சிரித்தது. பானுப்பிரியாவும் சிரித்தாள். ஆனால் அன்று வேலையில் கை ஓடவில்லை. தோட்டத்தின் மேற்குச் சரிவில் கிழடு தட்டிய ஏலச்செடிகளைப் பிடுங்கிவிட்டு, மழை தொடங்கியதும் புதுக்கன்று வைப்பதற்காகக் குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். மூன்றடி சதுரம், ஒன்றரை அடி ஆழம். வரிசை வரிசையாக நானூறு குழி. யாரோ தனக்காகவே வெட்டிப் போட்டது மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த வாரம் முழுக்கப் படத்தில் கண்ட எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். தெருக்குழாயில் பிடித்த இரண்டு வாளித் தண்ணீரைக் கையை நீட்டியபடியே வீட்டுக்குத் தூக்கி வந்தாள். பாதித் தண்ணீர் தெருவுக்குப் போனது. "குடிக்கிற தண்ணியில வித்த காட்டாதடி" என்று சுப்புத்தாய் ஒரு வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, குதிரை மேல் உட்கார்ந்திருப்பது போல நின்றாள். நாலாவது நிமிடம் தொடை நடுங்கியது.

"இதுக்குப் பேருதான் பயிற்சியா?" என்று காளீஸ்வரி பக்கத்தில் வந்து அதேபோல நின்றாள். நின்றபடியே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள், மடித்தாள், மென்றாள், மருமகளைப் பற்றி ஒரு முழுக்கதை சொல்லி முடித்தாள். கங்காணி விசில் ஊதிய பிறகுதான் நிமிர்ந்தாள். "சரிவுல குத்தவச்சுத்தானடி காலத்த ஓட்டுறோம். எங்கள வச்சு ஒருத்தனும் படம் எடுக்கல."

வாளியையும் குதிரையையும் விட்டுவிட்டாள். குழியை விடவில்லை. பழைய சுடிதார்க் காலை வெட்டித் தைத்து, கொட்டகுடி ஆற்று மணலை நிரப்பி, இரண்டு கணுக்காலிலும் கட்டிக்கொண்டாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடத்தில் சோற்றை விழுங்கிவிட்டுக் குழிக்குள் இறங்குவாள். முப்பது முறை வெளியே குதிப்பாள். பிறகு மணல்பையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மேலே இருக்கும் ஜீப் பாதையிலிருந்து ஓடி வந்து, தோண்டிப் போட்ட இளகிய மண்ணில் நீளம் தாண்டுவாள்.

அளப்பதற்குக் கன்று நடும் கயிறு இருந்தது. செடிக்குச் செடி இடைவெளி தப்பாமலிருக்க அதில் பத்தடிக்கு ஒரு முடிச்சு போட்டிருப்பார்கள். பத்தடி என்றால் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். முடிச்சுக்கு முடிச்சு தாண்டிவிட்டால் போதும். மூன்றாவது வாரம் தாண்டினாள். நான்காவது வாரம் முடிச்சுக்கு அந்தப்பக்கம் அரையடி தள்ளி விழுந்தாள். ஜீப்பில் அவளுக்கு மொட்டை என்று பேர் வைத்தார்கள். அவள் கோபப்படவில்லை.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு முறை முறைப்படி அளந்துவிடலாம் என்று போடியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாள். டேப் பிடிக்க அம்மாவை அழைத்துக்கொண்டாள். ஓடி வந்து தாண்டினாள். சுப்புத்தாய் டேப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்தாள்.

"ரெண்டுன்னு போட்டு எம்பத்தி எட்டுன்னு போட்ருக்கு."

"நல்லாப் பாரும்மா."

"எண்ணு தெரியாதவளா நானு? நீ பாரு."

இன்னும் ஐந்து முறை தாண்டினாள். இரண்டு தொண்ணூறைத் தாண்டவில்லை. நான்கு வாரம் மணல்பை கட்டிக் குதித்ததற்கு நான்கு சென்டிமீட்டர். மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மலையில பத்தடிக்கு மேல தாண்டுனயே ஆத்தா, கயித்துல நானுந்தான பாத்தேன்" என்றாள் சுப்புத்தாய். "இங்க வந்ததும் என்னாச்சு? அங்க மேல இருந்து கீழ குதிப்ப. இங்க தரை மட்டமாக் கெடக்கு, அதனாலயா?"

பானுப்பிரியாவுக்குக் காது சூடானது. கால் மண்ணைத் தொட வேண்டிய நேரத்தில், சரிவில் மண் இன்னும் கீழே இறங்கிப் போயிருக்கும். அதனால் காற்றில் கூடுதல் நேரம், கூடுதல் தூரம். சாய்தளத்தின் மேல் எறியப்பட்ட பொருள் என்று இரண்டாம் வருடத்தில் பத்து மதிப்பெண் கேள்வி. படம் போட்டு, அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். தினமும் அந்தச் சாய்தளத்தின் மேல்தான் வேலை செய்கிறாள். எறியப்பட்ட பொருளே அவள்தான். அப்படியிருந்தும் ஒரு நாள்கூட அது தோன்றவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அம்மா ஒரு பார்வையில் சொல்லிவிட்டாள். நான் படித்தது எனக்குள் எங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறது என்று மணலைக் கிளறிக்கொண்டே யோசித்தாள்.

பிறகு எழுந்து சுடிதாரைத் தட்டிவிட்டாள். "நாளையிலருந்து மேல பாத்துத் தாண்டுறேம்மா" என்றாள்.

மேல்நோக்கித் தாண்டுவது வேறு வேலையாக இருந்தது. கீழ் வரிசைக் குழிகளுக்கு நடுவே ஓடி வந்து, மேல் வரிசைக் குழியைத் தாண்டி மேட்டுப்பக்கம் பாய வேண்டும். முழங்காலை உயரத் தூக்காவிட்டால் கரை முன்னங்காலில் அடிக்கும். முதல் நாள் ஏழடிதான் வந்தது. இரண்டு காலும் சிராய்த்து ரத்தம் வந்தது. மழை வேறு தொடங்கியிருந்தது. சிராய்ப்பைத் தேடி அட்டைகள் வந்தன. அவள் பாய்ந்த வேகத்தில் நனைந்த குழிக்கரைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

கங்காணி கண்ணுச்சாமி இருபது வருடமாக மலையிலேயே இருப்பவர். பேச்சில் பாதி மலையாளம். இடிந்த குழிகளைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எந்தா மோளே, குழி வெட்ட ஆள் விட்டா நீ குழிய மூட வந்திருக்கியா?"

"இடிஞ்சத நானே வெட்டித் தந்துர்றேண்ணே."

"பி.எஸ்சி. படிச்சவ மம்பட்டி பிடிக்கப் போறியா?"

"படிச்சது மறந்ததால வந்த வெனைண்ணே இது."

அவருக்கு அது விளங்கவில்லை. மம்பட்டியை மட்டும் நீட்டினார். "மூணடி சதுரம், ஒன்றரை அடி ஆழம். விரற்கடை கொறஞ்சாலும் விடமாட்டேன்."

அன்றிலிருந்து அரைமணி தாண்டல், சாயங்காலம் மற்றவர்கள் ஜீப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் குழி வெட்டு. மண்ணை அள்ளி அள்ளித் தோள் இறுகியது. இதற்கிடையில் கன்று நடும் ஆட்கள் மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கன்று வைத்த வரிசையில் கால் வைக்கக் கூடாது. இருபது வரிசை பன்னிரண்டானது. பன்னிரண்டு ஆறானது. மேல்நோக்கி எட்டடி தாண்டிய அன்று நான்கு வரிசை மிச்சம். எட்டரை வந்த அன்று ஒன்றே ஒன்று. மட்டத்தில் பத்தடிக்குச் சமம் என்று அவள் கணக்குப் போட்டிருந்த எட்டே முக்கால் வரும் என்று நம்பிய அன்று விடாத மழை. அந்த வரிசைக்கும் கன்றுக்கட்டுகள் வந்து இறங்கியிருந்தன.

"வெரசா தாண்டிட்டு வாடி மொட்ட, கன்னு வாடுது" என்று காளீஸ்வரி குடைக்குள்ளிருந்து கத்தினாள். பானுப்பிரியா சேற்றில் மூன்று முறை தாண்டினாள். மூன்றாவதில் எட்டே முக்கால். மறுநாள் அதிகாலை ரயிலில் மதுரைக்குப் போனாள்.

மைதானம் பலகை போல மட்டமாக இருந்தது. முதல் தாண்டலில் இரண்டு தொண்ணூற்று ஆறு. இரண்டாவதில் எல்லைக்கோட்டை மிதித்துவிட்டாள். சிவப்புக்கொடி. வரிசையில் நின்ற பெண்கள் அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். இது வேண்டுமா என்ற பழைய கேள்வி அப்போது வரவில்லை. அடிவயிற்றில் வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

மூன்றாவதற்கு ஓடினாள். பலகையை மிதித்து எழும்பியதும் முழங்கால் தானாக மேலே போனது, கரை அடித்துவிடும் என்ற பயத்தில். அங்கே கரை இல்லை. அடி எதுவும் விழாமல் கால் இன்னும் கொஞ்சம் முன்னால் போய் மணலில் இறங்கியது.

"மூணு பூஜ்யம் ரெண்டு" என்றார் டேப் பிடித்திருந்தவர். பிறகு, "எந்திரிம்மா, அடுத்து பந்து எறியப் போ" என்றார்.

பந்தும் கைவிடவில்லை. ஓட்டம் காலையிலேயே சரியாக முடிந்திருந்தது. இறுதிப் பட்டியல் வர இரண்டு மாதமாகும் என்றார்கள்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு ஜீப்பில் ஏறினாள். சின்ராசு வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்தான். பெண்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"தாண்டிட்டேன்" என்றாள்.

"எவ்வளவு?" என்றாள் காளீஸ்வரி.

"ரெண்டு சென்டிமீட்டர் கூட."

"இம்புட்டுத்தானா? கூரை மேல பறந்திருப்பேன்னுல நெனச்சேன்" என்றவள் மடித்து வைத்திருந்த வெற்றிலையை அவள் கையில் திணித்தாள்.

தோட்டத்தில் கண்ணுச்சாமி மம்பட்டியோடு நின்றார். கடைசி வரிசையில் ஒரே ஒரு குழிக்கு மட்டும் கன்று வைக்கவில்லை. "ஒன்னேகால் அடிதான் இருக்கு. நீ வெட்டுனதுதான."

பானுப்பிரியா இறங்கிக் கால் அடி வெட்டினாள். நான்கு மூலையையும் சதுரமாக்கினாள். மம்பட்டியை வெளியே எறிந்துவிட்டு, ஏறுவதற்குக் கை கொடுத்த அம்மாவை விலகச் சொன்னாள். இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மேட்டுப்பக்கமாகத் தாண்டி வெளியே வந்தாள். கரை இடியவில்லை. கண்ணுச்சாமி குனிந்து பார்த்துவிட்டு, "இனி கன்னு வை" என்றார்.