தாமதம் என்று போட்டிருந்தார்கள்

அலுவலகத்தில் அவளுக்குத் தபாலக்கா என்று பெயர். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கம்பெனி சின்னது. கடைகள், கிளினிக்குகள், டியூஷன் சென்டர்கள், கார் வாடகைக்கு விடுகிறவர்கள் என்று பலருடைய வலைத்தளங்களும் மெயில்களும் அதன் சர்வர்களில் குடியிருந்தன. வலைத்தளங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. மெயில் பக்கம்தான் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. வலைத்தளம் விழுந்தால் தட்டி எழுப்பிவிடலாம், மெயில் சாகவும் சாகாது, பிழைக்கவும் பிழைக்காது, இழுத்துக்கொண்டே கிடக்கும் என்பார்கள். அவள் சேர்ந்த புதிதில், இவளுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று சொல்லி அதை அவள் தலையில் கட்டினார்கள். கட்டினது கட்டினபடி நின்றுவிட்டது.

பொறுமை இருந்ததோ இல்லையோ, வேலை பிடித்துப்போயிற்று. வாடிக்கையாளர் அனுப்புகிற மெயில் முதலில் அவளுடைய சர்வருக்கு வந்து வரிசையில் நிற்கும். எதிர்ப்பக்கம் கதவைத் திறந்தால் உள்ளே போகும். இப்போது முடியாது, பிறகு வா என்றால் ஒதுங்கி நின்று மறுபடி தட்டும். உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டால், அந்தக் காரணத்தையும் கையில் வாங்கிக்கொண்டு அனுப்பினவரிடமே திரும்பிப் போகும். இந்தக் கடைசி விஷயம்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. போய்ச் சேர், இல்லையென்றால் திரும்பி வா, நடுவில் காணாமல் மட்டும் போகாதே. அவளுக்கென்று ஒரு கொள்கை இருந்தது என்றால் அது இதுதான். வீட்டிலும் இதே தொல்லை. மகளிடம் ஒன்று சொன்னால் அவள் 'சரி' என்று சொல்கிறவரை பின்னாலேயே போவாள். கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். அவள் ஏதாவது சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், "வந்து சேர்ந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்" என்பார்.

அன்றைக்குக் காலையில் அவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காரும்போதே வரிசை ஊதிப்போய்க் கிடந்தது. உடற்பயிற்சி மெஷின் விற்கிற ஒருவர் தன் கடைப் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார். எவனோ அதைக் கண்டுபிடித்து, அவர் கணக்கு வழியாகக் குப்பை மெயிலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரே மாதிரி. தலைப்பில் 'விலைப்புள்ளி', உள்ளே ஓர் இணைப்பு. திறந்தவன் கெட்டான். பெரிய மெயில் கம்பெனிகள் இதைப் பார்த்துவிட்டு, இந்த சர்வரிலிருந்து எது வந்தாலும் வாங்காதே என்று கதவைச் சாத்திவிட்டன. நல்ல மெயில்களும் குப்பையோடு குப்பையாக மாட்டிக்கொண்டு நின்றன. பக்கத்து அறையில் எல்லாத் தொலைபேசிகளும் அலறின.

கணக்கை அவள் உடனே பூட்டினாள். ஆனால் ஏற்கனவே வரிசையில் நிற்பதை என்ன செய்வது? சரியான வழி ஒன்று இருந்தது. ஒவ்வொரு மெயிலும் யார் கணக்கில் நுழைந்து அனுப்பப்பட்டது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். மூச்சுவாங்கிக்கொண்டிருந்த அந்த சர்வரில் அது முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்றால், அனுப்புநர் முகவரிகள் எல்லாம் திருட்டு முகவரிகள். சம்பந்தமில்லாதவர்கள் தலையில் போய் விழும், கெட்ட பெயர் இன்னும் கூடும். மூன்றாவது வழி சுலபம். 'விலைப்புள்ளி' என்ற தலைப்பும் இணைப்பும் உள்ள எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அழித்துவிடுவது. அழித்தால் யாருக்கும் எதுவும் திரும்பிப் போகாது.

மேலாளர் வந்து பின்னால் நின்றார். எதைக் கேட்டாலும் 'சுமூகமா போகுது' என்று சொல்வதால் அவருக்கே சுமூகம் என்று பெயர். தொடைச்சு விடு என்றார். நல்லதும் ஒன்றிரண்டு போய்விடும் சார், போனது அனுப்பினவர்களுக்குத் தெரியாது என்றாள் அவள்.

"தெரியாதவரைக்கும் நல்லதுதானே" என்றார்.

அவள் வரிசையில் சில பக்கங்களைப் புரட்டினாள். கண்ணில் பட்டதெல்லாம் குப்பை. இன்னும் புரட்டியிருக்கலாம். தொலைபேசிகள் அலறிக்கொண்டிருந்தன. சுமூகம் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெருமூச்சுகூட விடாமல் பொத்தானை அழுத்தினாள். வரிசை ஒரேயடியாக வற்றிப்போயிற்று.

பிறகு வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு போட வேண்டியிருந்தது. சுமூகம் சொல்லச் சொல்ல அவள்தான் அடித்தாள். தொழில்நுட்பக் காரணங்களால் சில மின்னஞ்சல்கள் தாமதமாகச் சேரக்கூடும், பொறுமைக்கு நன்றி. 'தாமதமாக' என்ற இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. அழித்தது தாமதமாக வராது. வரவே வராது. அப்படி எழுதினால் மறுபடியும் தொலைபேசி அலறும். அடித்து முடித்தாள். மதியம் எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். தபாலக்கா இல்லாவிட்டால் இன்றைக்குக் கம்பெனியையே இழுத்து மூடியிருக்க வேண்டும் என்று ஒருவன் சொன்னான். அவளும் சிரித்தாள்.

அந்த வாரக் கடைசியில் அண்ணி ஃபோன் செய்தாள்.

அண்ணி, அவளுடைய அண்ணனின் மனைவி, ஒரு மாடியில் தையல் கூடம் வைத்திருந்தாள். ஓட்டல்களுக்குத் திரைச்சீலை, ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு. அண்ணனுக்கு முதுகு போனபிறகு வீடு ஓடுவது அதை வைத்துத்தான். கூடத்தின் மெயில் இந்தக் கம்பெனியில்தான் இருந்தது. அண்ணி வேறெங்கோ வைக்கப் பார்த்தபோது, நான் இருக்கேன்ல அண்ணி என்று சொல்லி இழுத்து வந்தவள் இவள்.

ஒரு பெரிய ஓட்டலின் திரைச்சீலை வேலை கை நழுவிவிட்டது என்றாள் அண்ணி. கேட்டால், உங்கள் விலைப்புள்ளி வரவே இல்லையே, வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்கிறார்களாம். கூடத்துக் கணக்கர் அனுப்பினேன் என்று சாதிக்கிறாராம். மறந்துவிட்டு மழுப்புகிறார் மனுஷன், வயசாகிவிட்டது, இனி வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாது என்றாள்.

விலைப்புள்ளி என்ற சொல் காதில் விழுந்ததுமே இவள் கை கீபோர்டுக்குப் போயிற்று. பேசிக்கொண்டே சர்வரின் பதிவேட்டில் தேடினாள். ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அன்றைக்குக் காலையில் அந்த மெயில் வந்திருந்தது, வரிசையில் நின்றிருந்தது, அவள் கையால் அழிந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "பார்த்துட்டுச் சொல்றேன் அண்ணி" என்றாள். அவள் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற சொல். அதைச் சொல்லிவிட்டால் கேட்டவர் அடங்கிவிடுவார்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. சுமூகத்திடம் போய் அந்த அறிவிப்பை மாற்ற வேண்டும் சார், அழிந்துபோனது என்று சொன்னால்தான் ஆட்கள் மறுபடி அனுப்புவார்கள் என்றாள். இப்போதுதான் எல்லாம் சுமூகமாக இருக்கிறது, கிளறாதே என்றார். அவரைத் திட்டிக்கொண்டே இருந்தால் மனசு ஆறும் என்று பார்த்தாள். ஆறவில்லை. சொன்னது அவர் வாய், செய்தது இவள் கை. வீட்டில் மகள் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாள், இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு டெலிவரி இல்லை போலிருக்கு" என்றார் கணவர். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதல் சொல்வார். அது வேண்டாம் என்றிருந்தது.

அண்ணி மறுபடி ஃபோன் செய்தாள். பார்த்தாயா என்றாள். வேலை ஜாஸ்தி என்றாள் இவள். அப்படியென்றால் நேரில் வா என்று சொல்லிவிட்டாள் அண்ணி. "கணக்கர் எதிரிலேயே கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லு. நீ சொன்னா அவரால மறுக்க முடியாது. அனுப்பலைன்னு ஆயிட்டா அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடறேன்."

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். சர்வர் பக்கம் ஒரு சிக்கல் இருந்திருக்கிறது. நல்ல வாக்கியம். கணக்கரும் தப்பித்துக்கொள்வார். இவளும் அதில் எங்கேயும் இல்லை. இறங்குகிற நிறுத்தம் வரை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

மாடிப்படி ஏறும்போதே தையல் மெஷின்களின் இரைச்சல். உள்ளே நான்கு பெண்கள் வெள்ளை விரிப்புகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் ஒரு மூலையைப் பிளைவுட் தடுப்பு வைத்து மறைத்து அங்கே கணக்கருக்கு ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும். கணக்கர் எழுந்து நின்றார். மெலிந்த மனிதர், சட்டைக்காலரை மேல் பித்தான் வரை போட்டிருந்தார். தன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து இவளுக்குப் போட்டார்.

"நீங்களே பாருங்கம்மா. அனுப்பினதுல இருக்கு."

இருந்தது. தலைப்பில் 'விலைப்புள்ளி', இணைப்பில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல், மீட்டருக்கு இவ்வளவு, கொக்கிக்கு இவ்வளவு என்று அழகாக எழுதியிருந்தார்.

"அங்க இருந்து என்ன புண்ணியம், ஓட்டல்ல இல்லையே" என்றாள் அண்ணி. "நாங்க ஓட்டலுக்கு ஃபோன் பண்ணினப்புறம் பழைய தேதி போட்டு உள்ள செருகியிருப்பார். கம்ப்யூட்டர்ல எதை வேணா மாத்தலாம்னு நீதானே சொல்லுவே."

"அவ்வளவு தெரிஞ்சிருந்தா நான் ஏம்மா இந்தத் தடுப்புக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கேன்" என்றார் கணக்கர். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணிக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள்.

சரி, அனுப்பினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், பதில் இல்லை என்றதும் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா என்று அண்ணி விடாமல் பிடித்தாள். அவளுடைய வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

"கேட்கலாம்னுதான் இருந்தேன்மா. தாமதமாகும், பொறுத்துக்குங்கன்னு கம்பெனியே போட்டிருந்தாங்க. இவங்க வேலை பார்க்கிற இடமாச்சே, தப்பாவா போடுவாங்க? நச்சரிச்சா நமக்குத்தானே மரியாதை இல்லை. அதான் பொறுத்திருந்தேன்."

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் இவள் நாக்கில் இருந்தது. கணக்கர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார், டாக்டர் முகத்தைப் பார்க்கிற மாதிரி.

"அவர் அனுப்பினார் அண்ணி. எங்ககிட்ட வந்துச்சு. நான்தான் அழிச்சுட்டேன்."

மெஷின் இரைச்சலில் அண்ணிக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ன என்று தலையைச் சாய்த்தாள். இவள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கும் கேட்டுவிட்டது. அவள் எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். இவள் எல்லாவற்றையும் சொன்னாள். குப்பை மெயில், மாட்டிக்கொண்ட வரிசை, புரட்டாமல் விட்ட பக்கங்கள், தாமதம் என்று அடித்தது. சுமூகத்தின் பெயரை எடுக்கவில்லை.

அண்ணி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நீங்க முதல்ல ஃபோன் பண்ணினீங்களே, அப்பவே."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணக்கரைப் பார்த்து, உட்காருங்க சார், அதான் விஷயம் தெரிஞ்சுபோச்சே என்றாள். கணக்கர் உட்காரவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"உங்களுக்கு இன்னைக்குத் தெரிஞ்சுது. எனக்கு அன்னைக்கே தெரியும்மா. தினமும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"கோபத்துல ஏதோ பேசிட்டேன் சார்."

"கோபம் இல்லைம்மா அது. பழைய தேதி போட்டுச் செருகினேன்னு இப்போ கொஞ்ச நேரம் முன்னாடிகூடச் சொன்னீங்க." குரல் உயரவே இல்லை. "இனி இந்த நாற்காலில உட்கார்ந்தா ஒவ்வொரு தடவையும் அதுதான் ஞாபகம் வரும். உங்களுக்கும் வரும்."

போகிற வழியில் இவள் பக்கம் திரும்பி, வந்து சொன்னதுக்கு நன்றிம்மா என்றார். அவர் அதை மனசாரத்தான் சொன்னார். நாலு வசவு விட்டிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். அண்ணி ஃபோன் செய்த அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் இந்த மனிதரை ஒரு நாளும் யாரும் பொய்யர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். மெயிலை அழித்ததற்கு அவசரம் என்றாவது ஒரு காரணம் இருந்தது. சொல்லாமல் இருந்ததற்கு என்ன காரணம்? அவர் படி இறங்குவதை மெஷின் சத்தத்தில் கேட்க முடியவில்லை.

அண்ணி மேஜைமேல் கிடந்த காகிதங்களைப் புரட்டி ஒன்றை உருவினாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு விரிப்புக்கு எழுதணும். இன்னைக்கே போகணும். எனக்கு அடிக்கத் தெரியாது. உட்கார்" என்றாள்.

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவர் உயரத்துக்கு இருந்தது, கால் தரையில் சரியாகப் படவில்லை. அண்ணி அளவுகளும் விலைகளும் சொல்லச் சொல்ல அடித்தாள். ஓர் இடத்தில் விலையை மறுபடி கேட்டபோது அண்ணி அதே குரலில் மறுபடி சொன்னாள். இவளை எப்போதும் தபால் என்று கேலி செய்கிற அண்ணி, அன்றைக்கு ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. இவள் தலைப்பில் 'விலைப்புள்ளி' என்று அடித்தாள். வேறு சொல் தோன்றவில்லை. அனுப்பினாள்.

"போயிடுச்சு அண்ணி."

அண்ணி அதற்குள் ஃபோனைக் காதில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்காரரிடம் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறோம், வந்திருக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள் என்றாள். அவர் பிறகு பார்த்துச் சொல்வதாகச் சொன்னார் போலிருக்கிறது.

"பரவாயில்லை சார், நீங்க பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இவளைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று காத்திருந்தாள்.