சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

என் மனைவியின் தகப்பன் செத்த அன்று அவளை மீன் சாப்பிட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்ட விரும்புகிறவர்கள் இப்போதே திட்டிக்கொள்ளலாம். எனக்கு அது புதிதில்லை.

செப்டெம்பர் தொடக்கத்து நீண்ட வார இறுதி. எங்களுக்கு ஒரே மகள். அடுத்த சில நாட்களில் வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகவிருந்தாள். அதற்கு முன் மூன்று பேருமாகக் காம்பிங் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓடினால் ஓர் ஆறு வரும். அந்த மாதத்தில் சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக ஏரியிலிருந்து அதில் ஏறும். கரையில் கூடாரம் போட இடம் இருக்கிறது. மிசிசாகாவில் நான் வேலைசெய்யும் கிடங்கில் கெஞ்சிக் கூத்தாடி லீவு எடுத்தேன்.

மனைவிக்குத்தான் வர மனமில்லை. யாழ்ப்பாணத்தில் மாமா எட்டு மாதமாக ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தார். தினமும் காலையில் தம்பிக்கு வீடியோ கோல் எடுத்து, தகப்பனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் தேத்தண்ணியே குடிப்பாள்.

"உங்கை பள்ளத்துக்குள்ளை சிக்னல் இல்லையாம். அப்பாவுக்கு ஏதும் எண்டால் எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

"மேட்டிலை கடையடியிலை சிக்னல் இருக்கு. நான் போய்ப் போய் எடுத்துக் கேட்டுச் சொல்லுறன். காணுமே?"

"ஏதும் எண்டால் உடனை சொல்லோணும்."

"ஓமப்பா, ஓம்."

சனிக்கிழமை காலை ஐஸ் வாங்கக் கடைக்குப் போனேன். காரை நிறுத்தியதும் போன் அடித்தது. மனைவியின் தம்பி. சொல்ல முடியாமல் விக்கினான்.

"அத்தான், அப்பா மோசம் போட்டார். நாளைக்குக் காலமை பத்து மணிக்குப் பிரேதம் எடுக்கிறம். அக்காவை லைனிலை வரச் சொல்லுங்கோ. கடைசியா ஒருக்கா முகத்தைப் பாக்கட்டும்."

"சொல்லுறன்" என்றேன். அங்கே ஞாயிறு காலை பத்து என்றால் இங்கே சனி இரவு பன்னிரண்டரை. நேரம் கிடந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்லமாட்டார்கள். கேட்ட பிறகு மனுசர் சாப்பிடாது என்று, வாயில் ஊட்டித் தீத்தாத குறையாகச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். என் அம்மா போனபோது எனக்கும் அப்படித்தான். அறையில் கூட இருந்தவன் ஒருநாளும் இல்லாத திருநாளாகப் புட்டு வாங்கிவந்து, "முதல்லை சாப்பிடு, பிறகு கதைப்பம்" என்றான். நானும் விசரன் மாதிரி வயிறு முட்டச் சாப்பிட்டேன். அதற்காக அவனை நான் ஒருநாளும் கோபித்ததில்லை. ஆகவே இவளும் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் மகளின் தூண்டிலோடு முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"என்னவாம்?"

"கஞ்சி குடிச்சவராம். இப்ப நித்திரையாம்."

அந்தக் கஞ்சி எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அவளுடைய தோள் இரண்டும் இறங்கின. "கொள்ளட்டும், பாவம். எத்தினை நாளா நித்திரை இல்லாத மனுசன்" என்றாள். மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பான். நான் ஐஸைக் கூலருக்குள் கொட்டினேன்.

மத்தியானத்துக்குச் சற்று முன் அவளுடைய தூண்டிலில் மீன் கொழுவியது. "ஐயோ, இழுக்குது! வந்து பிடியுங்கோ!" என்று ஆறு அதிரக் கத்தினாள். "அம்மா, டோன்ட் லெட் கோ!" என்று மகள் கரையில் குதித்தாள். பத்து நிமிடம் இழுபறி. கை நீளத்துக்கு ஒரு சால்மன். அதை மடியில் போட்டுக்கொண்டு சேற்றில் இருந்து சிரித்தாளே, அப்படி அவள் சிரித்து வருசக்கணக்கு.

"படம் எடு பிள்ளை. குடும்பக் குறூப்பிலை போடு. தம்பி அப்பாவுக்குக் காட்டுவான்."

மகள் தாயின் போனிலேயே எடுத்து அனுப்பினாள். சிக்னல் இல்லாதபடியால் படம் போகாமல் நின்றது.

வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் எங்கள் அடுப்பில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் ஏறாது. அவளோ கொண்டுவந்த தூளைப் போட்டுக் குழம்பு வைத்து, தலையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, கண்ணைச் சுற்றியிருந்த சதையை விரலால் தோண்டித் தோண்டிச் சாப்பிட்டாள்.

"நீங்கள் ஏன் தொடேல்லை?"

"வயித்துக்குள்ளை என்னவோ செய்யுது."

அவளைத் தின்ன விட்டுவிட்டு நான் மட்டும் சாவுத் துடக்குக் காத்தேன். இதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை. அவள் இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

மகள் படுக்கட்டும் என்றிருந்தேன். மனைவியோ மகளுக்கு முன்னரே படுத்துக் குறட்டை விட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. உண்மையில் துணிவு வரவில்லை. பன்னிரண்டரை தாண்டிப் போனது. ஞாயிறு விடிந்ததும், இனிச் சொல்லி என்ன, வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கினேன். அன்றும் மேட்டுக்குப் போய்வந்து, "சுகமா இருக்கிறாராம்" என்றேன்.

திங்கள் மத்தியானம் நெடுஞ்சாலையில் ஏறியதும் சிக்னல் வந்து, இரண்டு நாளாகத் தேங்கிக் கிடந்த குரல் செய்திகளெல்லாம் அவளுடைய போனில் விடாமல் விழத் தொடங்கின. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முதலாவதை அமத்திவிட்டாள். தம்பியின் குரல் கார் முழுக்கக் கேட்டது.

"அக்கா, அத்தான் சொன்னவர்தானே? ஏன் இன்னும் லைனிலை வரேல்லை?"

அடுத்தது.

"அக்கா, ஐயர் அவசரப்படுத்திறார். அக்கா வருவா எண்டு சொல்லி அரை மணித்தியாலமா மறிச்சு வைச்சிருக்கிறன். அப்பாட முகத்தை மூடப் போகினம். எங்கை நிக்கிறியள் அக்கா?"

அதற்குள் அந்தப் படமும் போய்விட்டது. இரங்கல் செய்திகளுக்குக் கீழே மீனோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காரை நிப்பாட்டுங்கோ" என்றாள்.

ஓரத்தில் நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் புல்லில் குந்தி, விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்காளித்தாள். இரண்டு நாளுக்கு முன் சாப்பிட்டது எப்படி வரும்? மகள் ஓடிப்போய் முதுகைத் தடவினாள். என்னை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வருசம் ஒன்றாகிறது. சண்டை இல்லை. சமைக்கிறாள், கதைக்கிறாள், கோயிலுக்கும் கூட வருகிறாள். போன மாதம் எனக்கு நெஞ்சுக்குள் பிடித்த மாதிரி இருந்தது. வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதிப்பித்தேன். ஒரு குறையும் இல்லை என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து சந்தோசமாகச் சொன்னேன்.

"ஒண்டும் இல்லையாமப்பா. நெஞ்சு நல்லா இருக்காம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தகப்பனுக்குக்கூட அழாத அழுகை அழத் தொடங்கினாள். உண்மையாகவே ஒன்றும் இல்லை, கடவுளாணை ஒன்றும் இல்லை என்று நான் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். கத்தக் கத்த அவளுடைய அழுகை கூடியது.