இரண்டு சிவப்புப் புள்ளிகள்

அவளை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'செக்போஸ்ட்'. காய்கறி வாங்கினால் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பாள். மருந்து வாங்கினால் மாத்திரைகளைக் கடையிலேயே எண்ணுவாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, மாப்பிள்ளை சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்று ஆளனுப்பி விசாரித்தவள் அவள். சொன்ன வேலையில்தான் இருந்தார். வண்டி சீட்டுக்கு உறை தைக்கும் அந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

அவள் பிறக்கும்போதே அப்படி இல்லை. பிக்கப் வண்டி வாங்கி ஓட்டத் தொடங்கிய முதல் வருஷம், ஒரு பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு நம்பிக்கையாக வீட்டுக்குப் போனாள். புது பேட்டரியோடு போன வண்டி, பளபளவென்று பெயின்ட் அடித்த பழைய பேட்டரியோடு திரும்பி வந்தது. மலைப்பாதையில், பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை வைத்துக்கொண்டு, அரை நாள் வெயிலில் நின்றாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் ஆகிவிட்டது. அன்றிலிருந்து வண்டியில் எதைக் கழற்றினாலும் மகளின் நகப்பூச்சால் அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுவாள். மாட்டிய பிறகு அடியில் படுத்து, புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பாள். தன் நகப்பூச்சு பாட்டில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று மகள் கேட்டால், "காத்துல காஞ்சிருக்கும்" என்பாள்.

போன மாதம் அணைக்கட்டு வேலைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு கல்பாதையில் ஏறும்போது பின் ஆக்ஸில் உடைந்து, வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஏழு வண்டி. அணைக்கட்டு எஞ்சினியர் கறாராகச் சொல்லிவிட்டார்: இதைவிடக் கனமான ஆக்ஸில் போட வேண்டும், வெள்ளிக்கிழமை காலை ஒரு டன் ஏற்றி மேலே வரை ஓட்டிக் காட்ட வேண்டும், நடுங்கினாலோ நின்றாலோ மலை ஓட்டம் வேறு வண்டிக்குப் போய்விடும். அவளுக்குத் தெரிந்த ஒரே தொழில் அந்த மலை ஓட்டம்தான். அந்தப் பாதையின் ஒவ்வொரு கல்லும் அவளுக்கு அத்துப்படி.

கல்பாதை வண்டிகளுக்கென்றே பேர் வாங்கிய மெக்கானிக் ஒருவரிடம் போனாள். ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும், வாய் கொஞ்சம் அதிகம். பெரிய வண்டி ஒன்றின் ஆக்ஸிலைக் கொண்டுவந்து போட்டார். முதல் நாளே ஒரு விரலை நீட்டிச் சொன்னார்:

"அக்கா, எவ்வளவு நேரம் வேணா உக்காந்து பாருங்க. ஆனா என் மேஜையில இருக்கறதைத் தொடக் கூடாது. யாராவது தொட்டா வேலைய அப்படியே நிறுத்திடுவேன். வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட வேண்டியதுதான்."

"நான் ஏன் தம்பி தொடப்போறேன்?" என்றாள் அவள். தொடக் கூடாது என்று ஏன் சொல்கிறான், எதை மறைக்கிறான் என்று மனசு அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

காலிப் பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். பழைய ஆக்ஸில் இறங்கியது. புதியதன் மேல் ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடங்களை வெட்டி, தள்ளி வைத்து வெல்டிங் செய்தார்கள். புது ஆக்ஸிலின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு நீளம், அதனால் எஞ்சினிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டை நான்கு விரற்கடை குறைத்து, குழாயையும் தடிமனாக்க வேண்டும் என்றார் மெக்கானிக். புதன்கிழமை அவர் எதையோ சாக்கில் சுற்றி ஒரு ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பியபோது அவள் டப்பாவை விட்டு எழுந்து வந்தாள்.

"அது எங்க போகுது?"

"லேத் பட்டறைக்கு. உங்க ஷாஃப்ட்தான்."

"சாக்குல ஏன் சுத்தணும்?"

"பட்டுத்துணி இல்லக்கா," என்றார் மெக்கானிக்.

மறுநாள் மதியம் லேத்காரரே அதைக் கொண்டுவந்தார். மெக்கானிக்கைவிடப் பத்து வயது மூத்தவர். மெக்கானிக் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். லேத்காரர் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. பார்வை தரையில், வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்புப் பாட்டு. அவளுக்கு அது போதும். திருட்டு முழி என்று முடிவு கட்டிவிட்டாள். ஷாஃப்ட் இரண்டு துண்டாக வந்திருந்தது. ஒன்றின் பல் வைத்த முனை மற்றொன்றுக்குள் நுழையும். கல்லில் சக்கரம் ஏறி இறங்கும்போது நீண்டு சுருங்குவதற்காக அப்படி. இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் பேசிக்கொண்டே சாப்பிடப் போனார்கள்.

பட்டறையில் அவள் மட்டும். இதைப் போட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு ஓட்டைக் குழாயை மாட்டினால் யாருக்குத் தெரியும்? கைப்பையைத் திறந்தாள். இந்தத் துண்டில் ஒன்று, அந்தத் துண்டில் ஒன்று, பார்த்தால் தெரியும் இடமாகப் புள்ளி வைத்தாள். ஊதி ஊதிக் காயவைத்தாள். அப்புறம் ஒரு டன் மூட்டை எடை போடுவதற்காகக் கிளம்பிப் போனாள்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பியபோது வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றிருந்தது. அவள் ஓட்டினாள், மெக்கானிக் பக்கத்தில். நாற்பதில் வெண்ணெய் மாதிரி போனது. அறுபதைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் நடுக்கம் கிளம்பியது. கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. மெக்கானிக் குனிந்து சீட்டுக்கு அடியில் காதை வைத்தார்.

"பழைய குழாயைப் போட்டுட்டியா தம்பி?" என்றாள் அவள், நேராக.

"என்னக்கா பேச்சு இது?"

பட்டறைக்கு வந்ததும் டார்ச்சோடு அடியில் படுத்தாள். சிவப்புப் புள்ளி இரண்டும் இருந்தன. ஒன்றுக்கு ஒன்று நேராக, அழகாக. அப்படியானால் அதே ஷாஃப்ட்தான். மெக்கானிக் யோக்கியன். மிச்சம் இருப்பது லேத்காரன். அந்த முழியைப் பார்த்தபோதே நினைத்தேன் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டபோது, மெக்கானிக்கும் பக்கத்தில் வந்து படுத்தார். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கவட்டை மாதிரி இருந்த கவைகளை மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே நேர்ல இல்லை. ஒரு பல் தள்ளி நிக்குது, அதான் நடுங்குது," என்று சொல்லிவிட்டு, கை முழுக்க கிரீஸ் என்பதால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, எந்தப் பல் எதுல சேரணும்னு நீங்க வச்ச குறியை நம்பித்தானே கோத்தேன்? இப்படித் தப்பா வச்சிருக்கீங்களே."

"என்ன குறி?"

"சிவப்புப் புள்ளி. பெயின்ட்டுக்கு மாறிட்டீங்கன்னு நெனச்சு, ரெண்டையும் நேரா வச்சுக் கோத்தேன்."

"நான் எங்கப்பா புள்ளி வச்சேன்? உளியாலதான் கோடு போட்டேன். பதினெட்டு வருஷமா அதானே?"

"புள்ளி என் மூக்குக்கு மேல இருக்கு. பொய் சொல்லாதீங்க."

போனில் லேத் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"நானா பொய் சொல்றேன்?"

"செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிட்டா போதும். இனிமே என் வேலையை வேற லேத்துல பாத்துக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க." 'அண்ணே' போய்விட்டிருந்தது.

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த அவள் முகத்தில் ஈயாடவில்லை. கைப்பை வயிற்றின் மேல் இருந்தது. பாட்டில் அதற்குள் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. ஒரு பல் திருப்பிப் போட அரை மணி நேரம். காலையில் வண்டி கல்பாதையில் ஏறிவிடும். சொன்னால், மேஜையைத் தொட்டதற்காக இந்த ஆள் ஸ்பேனரை வீசிவிட்டுப் போவான். மலை ஓட்டமும் போய்விடும். யாராவது பொய் சொல்லி மாட்டமாட்டார்களா என்று இத்தனை வருஷமாகக் காத்திருந்தவள் அவள். இன்றைக்கு ஒரு மனுஷன் உண்மையைச் சொல்கிறான், அது உண்மை என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"தம்பி, போனை வச்சுடாதே," என்றாள். "அந்தப் புள்ளி நான் வச்சது."

மெக்கானிக் தலையைத் திருப்பினார். அவள் பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

"நீங்க மாத்திடுவீங்களோன்னு வச்சேன். அவர் சொல்றது நெசம்."

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்தார். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். பெட்டியைப் பூட்டிவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். "தப்புதான் தம்பி, காலையில சோதனை இருக்கே," என்று இரண்டு தடவை கெஞ்சினாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. லேத்காரர் பாட்டுப் பாடவில்லை. நேராக வண்டிக்கு அடியில் போனார், கட்டைவிரலால் கிரீஸை வழித்தார். இரண்டு துண்டிலும் உளிக்கோடு, மயிரிழை மாதிரி, ஒரு பல் விலகி நின்றது.

"பாத்துக்கோ," என்றார் மெக்கானிக்கிடம். "பெட்டிச் சாவியைக் குடு."

"அண்ணே, மேஜையைத் தொட்டவங்க வண்டியை நான்..."

"அவங்க மேஜையைத் தொட்டாங்க. நீ என்னைப் பொய்யன்னு சொன்னே. எது பெருசு? சாவியைக் குடுடா."

மெக்கானிக் சாவியைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் அடியில் போய்ப் படுத்தார். அவள் டார்ச் பிடித்தாள். கோடும் கோடும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு வெளியே வந்த லேத்காரர், முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தரையைப் பாத்தே பழக்கம்மா. சின்ன வயசுல இரும்புத்தூள் பட்டு ஒரு கண்ணு போச்சு. நிமிர்ந்தா மாறுகண்ணா தெரியும்னு கூச்சம்."

அவள் திருதிருவென்று விழித்தாள். மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி ஒரு டன்னோடு மேலே ஏறியது. எஞ்சினியர் ஒரு டம்ளர் தண்ணீரை டேஷ்போர்டில் வைத்திருந்தார். அது தளும்பியது, சிந்தவில்லை.

அடுத்த மாதம் ஆயில் மாற்றப் போனாள். பட்டறை வாசலில் மெக்கானிக் குறுக்கே கையை நீட்டினார்.

"பையைத் திறந்து காட்டிட்டு உள்ள போங்கக்கா."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவள் பையைத் திறந்தாள். சீப்பு, சாவி, மாத்திரை அட்டை, கைக்குட்டை. பாட்டில் இல்லை, அதை மகளிடம் கொடுத்து ஒரு மாதமாகிறது. மெக்கானிக் நம்பவில்லை. கைக்குட்டையையும் உதறிப் பார்த்தார்.