கொண்டைக்கடலை ஆடு

எங்கள் வீட்டிலிருந்து அடி அண்ணாமலை போய்ச் சேர்வதற்குள் பதினேழு வேகத்தடைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றுக்கு வெள்ளைக் கோடு அழிந்துவிட்டது. வேங்கிக்காலில் இதை என்னைத் தவிர வேறு யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் எண்ணிய ஆளுக்கே அந்தச் சாலையில் மொபெட் ஓட்டும் தகுதி இல்லை என்று என் மனைவி முடிவு செய்திருந்தாள்.

காரணம் ஒரு வெள்ளாடு. பதினொன்றாவது வேகத்தடைக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில் குறுக்கே வந்தது. நான் ஆட்டைக் காப்பாற்றினேன். எனக்கு முழங்காலில் நான்கு தையல். ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று வாரமாக அவள் வண்டிச் சாவியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எழுபத்திரண்டு வயசுல வண்டி எதுக்குங்க? ஆட்டோ இல்லையா ஊர்ல?" நான் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தூங்கினேன். கால் வலி மூன்றாம் நாளே போய்விட்டது. பயம்தான் போகவில்லை. சாவி கைமாறிவிட்டால் காலை ஆறு மணிக்கு எழுந்து நான் என்ன செய்வது? அடி அண்ணாமலையில் ஒரு டீ, வயலோரத்தில் இரண்டு கட்டு கீரை, திரும்பி வரும்போது முகத்தில் படும் காற்று. இவ்வளவுதான் என் நாள். வீட்டு ஜன்னல் கம்பிகளை ஏற்கெனவே எண்ணி முடித்துவிட்டேன். நாற்பத்தெட்டு.

பௌர்ணமிக்கு மலை சுற்ற மகளும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். பகல் முழுக்க வெயில். நகரத்துக்குப் போகும் சாலையில் பஸ்ஸும் ஆட்டோவும் நகரவில்லை. நடப்பது மாலையில்தான். அதுவரை என்ன செய்வது என்று மாப்பிள்ளை பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார்.

"மாமா, குடும்பத்தோட ஆடற ஆட்டம். சுலபம்தான். எட்டு வயசுக்கு மேல யாரும் ஆடலாம்னு போட்டிருக்கு."

"எனக்கு எட்டு வயசு தாண்டி அறுபத்து நாலு வருஷம் ஆச்சு. பாதி மறந்திருக்கும்" என்றேன்.

மனைவி சமையலறையிலிருந்து கை துடைத்தபடி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என் சட்டைப் பையைப் பார்த்தாள். "சும்மா ஆடினா என்ன ருசி? பந்தயம் வைங்க. நீங்க தோத்தா சாவி எனக்கு."

"நான் ஜெயிச்சா?"

மகள் நடுவராக அமர்ந்தாள். "ஜெயிச்சா ஒரு வருஷத்துக்கு வண்டியைப் பத்தி யாரும் வாயத் திறக்கக் கூடாது. சரியாம்மா? சரியாப்பா?"

கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடங்களில் இவள் என்னை எந்த ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. தாயமானாலும் பல்லாங்குழியானாலும் நான் காய்களை எண்ணிவிடுவேன். அவள் எண்ண மாட்டாள், கத்துவாள். "சரி" என்றேன். பெட்டியைத் திறந்த பிறகுதான் மகள் விதியைப் படித்தாள்.

ஒரு மலைப்பாதை. பன்னிரண்டு மர ஆடுகள். பாதையில் பத்துக் கட்டம், பத்தாவது கட்டம் பட்டி. ஆட்டுக்கு எதிரே ஒரு மேகம், அதற்கு ஒன்பது கட்டம். பகடையில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஆறாவது முகத்தில் மேகப் படம். எண் விழுந்தால் ஏதாவது ஓர் ஆட்டை நகர்த்தலாம். மேகம் விழுந்தால் மேகம் ஒரு கட்டம் நகரும். மேகம் ஒன்பதை எட்டுவதற்குள் எல்லா ஆடுகளும் பட்டியில் சேர வேண்டும்.

"என் ஆடு எது?" என்று கேட்டேன்.

"எல்லாமே எல்லாருக்கும்தான்ப்பா. இதுல எதிராளி கிடையாது. ஜெயிச்சா நாலு பேரும் ஜெயிச்சோம், மழை வந்தா நாலு பேரும் தோத்தோம்."

இப்படி ஓர் ஆட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பந்தயம் கட்டியிருக்க மாட்டேன். என் மனைவி இரண்டு நொடி யோசித்தாள். பிறகு அவள் முகம் வெண்கலப் பாத்திரம் துலக்கியதுபோல் ஒளிர்ந்தது.

"அப்ப நான் தோத்தாத்தானே சாவி எனக்கு வரும்?"

"அத்தை, வேணும்னே தோக்கறது அழுகுணி ஆட்டம்" என்றார் மாப்பிள்ளை.

"பகடை என் பேச்சையா கேக்குது? விழறது விழட்டும்."

நான் காய்களை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. பெட்டியைக் கவிழ்த்து, பாயைத் தட்டி, மாப்பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லி, மூன்றாம் முறையும் எண்ணினேன். பதினொன்றேதான்.

"புதுப் பெட்டி மாமா, கம்மியா வராதே" என்றார் அவர்.

"கடையில ஏமாத்திட்டான். இப்பல்லாம் யாரும் எண்ணி வைக்கறதில்ல."

மனைவி உள்ளே போய் ஒரு கொண்டைக்கடலையைக் கொண்டுவந்தாள். அது உருண்டது. அடியில் துளி சப்பாத்தி மாவை ஒட்டி நிறுத்தினாள். "இது என் ஆடு" என்றாள். எதிராளியே இல்லாத ஆட்டத்தில் அவளுக்கு மட்டும் ஓர் ஆடு.

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு ஆடு, பத்துக் கட்டம், நூற்றிருபது அடி. ஓர் உருட்டலுக்குச் சராசரியாக இரண்டரை. ஆக நாற்பத்தெட்டு உருட்டல். அதற்குள் மேகம் எட்டு முறை விழும். ஒன்பதுக்கு ஒன்று மிச்சம். சாவி பத்திரம். ஜன்னல் கம்பியும் நாற்பத்தெட்டு என்பது நல்ல சகுனமாகப் பட்டது.

ஐந்து ஆடுகள் பட்டியை நெருங்கிய பிறகு மகள் சாவகாசமாகச் சொன்னாள். "அப்பா, பட்டிக்குள்ள போறதுக்குச் சரியான எண்தான் விழணும். ஜாஸ்தி விழுந்தா செல்லாது."

"இத ஏன்மா முதல்லயே படிக்கல?"

"பின்பக்கம் போட்டிருக்கு."

என் நாற்பத்தெட்டு நொறுங்கியது. என் மனைவியோ தன் முறை வரும்போதெல்லாம், பட்டிக்குள் போகச் சரியான எண் விழுந்த ஆட்டை விட்டுவிட்டு, கடைசியில் நிற்கும் ஆட்டை நகர்த்தினாள். அப்படி ஆறு முறை.

"ஏன் அத நகத்தற?"

"பாவம், தனியா நிக்குது."

"அம்மா!" என்றாள் மகள். மாப்பிள்ளை குனிந்து சிரித்தார். மேகம் நான்கு, ஐந்து என்று வந்துகொண்டிருந்தது.

எங்கே மாறியது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும். மேகம் ஆறில் நின்றது, வெளியே ஏழு ஆடுகள். மாப்பிள்ளை உருட்டப் போனார். ஓர் ஆட்டுக்கு மூன்று வேண்டும். பக்கத்திலிருந்து ஒரு குரல்: "மூணு! மூணு! மூணு!" என் மனைவி. யார் உருட்டினாலும் தேவையான எண்ணைக் கூவுவது தாயம் ஆடியவர்களுக்குப் பிறவிப் பழக்கம். கூவாமலிருக்க அவளால் முடியவில்லை. மூன்று விழுந்தது. அவள் மாப்பிள்ளையின் முதுகில் ஓர் அறை விட்டாள். மாமியார் மருமகனைத் தொட்டு அடித்தது அதுதான் முதல் முறை. அவர் அதற்கும் சிரித்தார்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்க அத நகத்துங்க, என்னத்த எண்ணிட்டே இருக்கீங்க, மழை வருது!" என்று என்னையே அதட்டினாள். ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மேகம் எட்டுக்கு வந்தது. வெளியே ஒரே ஓர் ஆடு. கொண்டைக்கடலை. பட்டிக்கு ஓர் அடி. ஒன்றுதான் விழ வேண்டும்.

மகள் உருட்டினாள், நான்கு. மாப்பிள்ளை, இரண்டு. நான் உருட்டினேன். ஐந்து. அடுத்தது அவள். மேகம் விழுந்தால் சாவி அவளுடையது. ஒன்று விழாமல் இருந்தாலே போதும், அவள் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் சாவி என்ற எண்ணமே இல்லை.

பகடையை இரு கைக்குள் வைத்துக் குலுக்கினாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். "என் கடலைக்குட்டி நனையக் கூடாது! தாயம்! தாயம்! வாடா தாயம்!"

ஒன்று விழுந்தது.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள். முட்டி வலிக்காரி, கையை ஊன்றாமல் எழுந்தாள். "விழுந்துச்சு பாருங்க! தாயம்! சொன்னேன்ல!" மகளைக் கட்டிக்கொண்டாள். கொண்டைக்கடலையைப் பட்டிக்குள் வைத்து அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள். நானும் கை தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், யாருக்காவது வேலை கெடச்சிடுச்சா?" என்றார்.

அந்தக் கூச்சலுக்குள் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "அத்தை, சாவி போச்சு."

அவள் வாய் திறந்தபடி நின்றது. பாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஐயையோ" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் எல்லோருக்கும் அது தொற்றியது. எனக்கு மூன்று முறை விக்கல் வந்தது.

தண்ணீர் குடித்த பிறகு அவள் சொன்னாள். "வாயத் திறக்கக் கூடாதுன்னுதானே பந்தயம்? திறக்க மாட்டேன். ஆனா பின்னாடி உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். நான் சாவிக்காகச் சட்டைப் பையில் கை விட்டேன். சாவியோடு வேறு ஏதோ விரலில் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். வெள்ளை மர ஆடு.

நில அளவைத் துறையில் அளவுச் சங்கிலி பிடித்த காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எதை எண்ணத் தொடங்கினாலும் முதலாவதை அடையாளத்துக்காகத் தனியே எடுத்து வைப்பேன். இந்த முறை பையில் வைத்துவிட்டு, மீதியை மூன்று முறை எண்ணியிருக்கிறேன்.

அவள் ஆட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கடைக்காரனை நான் திட்டியது அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் பந்தயத்தை மதித்து வாயைத் திறக்கவில்லை. உதடுகளை இறுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்குவது என் முதுகில் தெரிந்தது. முதல் வேகத்தடை வரை அடக்கிக்கொண்டாள். அங்கே வண்டி தூக்கிப்போட்டதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மலை சுற்றி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று அடி அண்ணாமலை போய்ச் சேரும் வரை நான் வேகத்தடைகளை எண்ணவில்லை. அவள்தான் எண்ணிக்கொண்டு வந்தாள், சத்தமாக. பதினெட்டு என்றாள்.